ரெண்டாந்தடவை தராத தொகுதி

மனைவி: முதல்ல அந்தக் கட்டரைக் கீழே வைங்க.

உறுப்பினர்: ஏன், என்னாச்சு?

மனைவி: அளவுகோல் நகர்ந்து கிடக்கு பாருங்க. தையல்காரர் கேட்டிருக்கிற ஆளுயரக் கண்ணாடி. நீங்க கோணலா இழுத்து வச்சா, நாளைக்கு அவருக்கு யார் பதில் சொல்றது?

உறுப்பினர்: நகரவே இல்ல. அஞ்சு வருஷமா மைக் பிடிச்ச கை. பழசு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் ஆகும்ல...

மனைவி: ஓட்டு எண்ணுற நாளும் அதுவுமா வேட்பாளர் கடையில வந்து கண்ணாடி வெட்டுறார். கேட்டா ஊரே சிரிக்கும்.

உறுப்பினர்: சிரிக்கட்டும். எண்ணுற இடத்துல நின்னா எனக்கு மூச்சு முட்டுது. அதான் உன் தம்பி இருக்கானே, ஏஜென்ட்டு. பத்து பேர் கத்த வேண்டியதை அவன் ஒருத்தனே கத்துவான்.

மனைவி: என் தம்பியை ஒரு வார்த்தை சொல்லலைன்னா உங்களுக்குப் பொழுது விடியாதே.

உறுப்பினர்: நல்லதாத்தானே சொன்னேன்! சரி, ரேடியோவைக் கொஞ்சம் சத்தமா வை. நம்ம தொகுதியைப் பத்தி என்னமோ சொல்றான்.

மனைவி: என்னத்தைச் சொல்லப் போறான்? ‘இந்த நகரத் தொகுதி உருவான நாள்லேருந்து ஒருத்தரைக்கூட ரெண்டாந்தடவை மாகாண சட்டசபைக்கு அனுப்பினதே இல்ல.’ காலையிலேருந்து இதையே அரைச்சுக்கிட்டு இருக்கான்.

உறுப்பினர்: பொய்யா சொல்றான்? முதல் ஆளு டாக்டர்...

மனைவி: கைராசி டாக்டர்.

உறுப்பினர்: ஆஸ்பத்திரியே கொண்டுவந்தார். ரெண்டாந்தடவை நின்னார். யார்கிட்ட தோத்தார்? தன்கிட்ட வேலை பார்த்த கம்பவுண்டர்கிட்ட!

மனைவி: ஊசி குத்தினது டாக்டர். மிட்டாய் குடுத்தது கம்பவுண்டர். ஜனங்க மறப்பாங்களா?

உறுப்பினர்: அந்தக் கம்பவுண்டரை வக்கீல் கவுத்தார். வக்கீல் ரயில்வே கேட்டுக்கு மேல பாலம் கட்டினார்.

மனைவி: அந்தப் பாலத்து மேலேயே நடந்து போய் அவருக்கு எதிரா குத்திட்டு வந்தாங்க.

உறுப்பினர்: உங்கப்பா உட்பட.

மனைவி: எங்கப்பா ஒண்ணும் பாலத்துல போகல! கீழே கேட்டைச் சுத்திக்கிட்டுத்தான் போனார். ‘பாலத்துல போயிட்டு அவருக்குப் போடாம வந்தா மனசு உறுத்தும்’னு.

உறுப்பினர்: அடேங்கப்பா, என்ன ஒரு நியாயம்!

மனைவி: எங்கப்பாவை ஏன் இழுக்கிறீங்க? வக்கீலைக் கவுத்த நர்சம்மா கதையைச் சொல்லுங்க.

உறுப்பினர்: பாவம் அந்தம்மா. தொகுதியில பாதி ஓட்டர் அவங்க கையில பிறந்தவங்க. தோக்கவே மாட்டாங்கன்னு எல்லாரும் சத்தியம் பண்ணாங்க.

மனைவி: பெத்த பிள்ளையே சொன்ன பேச்சு கேக்கல, பிடிச்சு எடுத்த பிள்ளையா கேக்கப் போகுது?

உறுப்பினர்: அப்புறம் சினிமாக் கொட்டகைக்காரர். அவரையும் ஒரே ஆட்டத்தோட அனுப்பிட்டாங்க. அவருக்கு அப்புறம்... இந்தக் கண்ணாடிக்காரன்.

மனைவி: தலைவர் படத்துக்குச் சட்டம் போட வந்தவங்க, கடை வாசல்லயே ரெண்டு கோஷ்டியாப் பிரிஞ்சு அடிச்சுக்கிட்டாங்க. நீங்க நடுவுல பூந்து சமாதானம் பண்ணீங்க. ‘இவருக்குத்தான் சட்டம் போடத் தெரியுமே’ன்னு உங்களையே சட்டசபைக்கு அனுப்பிட்டாங்க.

உறுப்பினர்: அன்னைக்கு நான் விலக்கிவிடப் போனதே தப்பு.

மனைவி: என்னது?

உறுப்பினர்: இல்ல... பேச்சுக்குச் சொன்னேன். தப்பா? எவ்வளவு பெரிய பாக்கியம்!

மனைவி: அதானே பார்த்தேன்.

உறுப்பினர்: இந்தத் தொகுதியும் நம்ம தொழில் மாதிரிதான். கண்ணாடியில ஒரு கோடு இழுத்தாச்சுன்னா, அதே கோட்டுல மறுபடி கட்டரை ஓட்டலாமா?

மனைவி: ஓட்டினா கட்டரும் போச்சு, கண்ணாடியும் போச்சு.

உறுப்பினர்: அதான். ஒரு தடவை போட்ட ஆளை மறுபடி போடாது. கவலையே... வந்து... ஆசையே படக் கூடாது.

மனைவி: ஆனா இந்தத் தடவை கதை வேற மாதிரி போகும்னு பேசிக்கிறாங்களே. சாக்கடை, குழாய், மார்க்கெட்டுக்குக் கூரைன்னு நாய் மாதிரி அலைஞ்சு செஞ்சீங்க...

உறுப்பினர்: டாக்டர் செய்யாததா, வக்கீல் செய்யாததா?

மனைவி: ஜெயிச்சா உங்களுக்கு மந்திரி பதவின்னு தலைவரே மேடையில சொல்லிட்டார்.

உறுப்பினர்: சொல்லிட்டார்.

மனைவி: மந்திரின்னா குடும்பத்தோட தலைநகருக்கே போயிடணும்.

உறுப்பினர்: போயிடணும். கடையைச் செருப்புக்கடைக்காரருக்கு விட்டுடலாம். அவரும் கேட்டுக்கிட்டே இருக்கார்.

மனைவி: ம்.

உறுப்பினர்: உனக்குச் சந்தோஷம்தானே?

மனைவி: எனக்கென்னங்க? உங்களுக்குச் சந்தோஷம்னா எனக்கும் சந்தோஷம்.

உறுப்பினர்: உனக்குச் சந்தோஷம்னாத்தான் எனக்கும் சந்தோஷம்.

மனைவி: அப்ப ரெண்டு பேருக்குமே சந்தோஷம்.

உறுப்பினர்: ரொம்ப.

மனைவி: ...போன் அடிக்குது. தம்பிதான். இருங்க, ஸ்பீக்கர்ல போடுறேன்.

மச்சினன்: அக்கா! மாமா பக்கத்துல இருக்காரா? மாமா, ஏணி ஏறிடுச்சு மாமா!

உறுப்பினர்: மெதுவாடா, போன் உடைஞ்சிரும். என்ன விஷயம்?

மச்சினன்: மில் குடியிருப்புப் பெட்டியெல்லாம் பிரிச்சாச்சு. நம்ம ஏணிச் சின்னம் மளமளன்னு போகுது. எதிர்த்து நிக்கிற மருந்துக்கடை அம்மாவோட குடை விரியவே இல்ல! ரெண்டாயிரத்துக்கு மேல முன்னாடி நிக்கிறோம்!

மனைவி: ரெண்டாயிரமா!

மச்சினன்: அக்கா, என்ன சத்தம் அங்க?

மனைவி: ஒண்ணுமில்லடா... கையிலேருந்து ஒரு கண்ணாடி நழுவிருச்சு.

மச்சினன்: சந்தோஷத்துல கை காலே ஓடல போல! மாமா, ஒரு வார்த்தை பேசுங்க. பசங்க எல்லாம் சுத்தி நிக்கிறாங்க.

உறுப்பினர்: ஆங்... மில் குடியிருப்புத் தோழர்களுக்கு... என் மனமார்ந்த...

மச்சினன்: இப்பவே மந்திரி மாதிரி இழுத்து இழுத்துப் பேசுறார் பாருங்கடா மாமா! வைக்கிறேன், அடுத்த பெட்டி வருது!

உறுப்பினர்: ...வச்சுட்டான்.

மனைவி: காலைத் தூக்குங்க, சில்லு கிடக்கு. நான் கூட்டிடறேன்.

உறுப்பினர்: நான் தலைநகர்ல கிடந்த அஞ்சு வருஷத்துல, நீ ஒரு துண்டுகூட உடைச்சதில்லன்னு தெருவே சொல்லுது. இன்னைக்கு உடைச்சிட்ட.

மனைவி: சந்தோஷம் தாங்கலைங்க.

உறுப்பினர்: அதான் கண்ணு கலங்கியிருக்கா?

மனைவி: தூள் விழுந்திருக்கும். உங்க முகம் மட்டும் என்ன? பேயறைஞ்ச மாதிரி இருக்கு.

உறுப்பினர்: பொறுப்பு! ரெண்டாயிரம் பேரோட நம்பிக்கைன்னா சும்மாவா? அந்தப் பாரம் முகத்துல தெரியும்ல.

மனைவி: நல்லாவே தெரியுது.

உறுப்பினர்: தலைநகர்ல மந்திரி வீடுன்னா எப்படி இருக்கும் தெரியுமா? மாடிப்படியே ரெண்டு. ஒண்ணு ஏற, ஒண்ணு இறங்க.

மனைவி: இருக்கிறது ரெண்டு பேரு. எதுக்குங்க ரெண்டு படி? நீங்க ஏறும்போது நான் இறங்கிக்கிட்டு இருப்பேனா?

உறுப்பினர்: ஜன்னல் எல்லாம் தரையிலேருந்து கூரை வரைக்கும் கண்ணாடி.

மனைவி: அதையாவது ஒழுங்கா பொருத்தியிருப்பாங்களா?

உறுப்பினர்: அதை ஏன் கேக்குற! என் விடுதி அறையில ஜன்னல் கண்ணாடியை ஒருத்தன் கோணலா மாட்டி வச்சிருந்தான். மூணு மாசம் பொறுத்துப் பார்த்தேன், தூக்கமே வரல. ஒரு நாள் நானே கழட்டிச் சரியா போட்டுட்டேன். அதைப் பார்த்துட்டுப் பக்கத்து அறை உறுப்பினர் கூப்பிட்டார். அப்புறம் எதிர்க்கட்சிக்காரர் கூப்பிட்டார்...

மனைவி: நீங்க போட்டீங்களா?

உறுப்பினர்: அந்த மாடியில ஒரு ஜன்னல் பாக்கி இல்ல. சபையில நான் பேசினப்ப யாரும் மேசையைத் தட்டல. ஜன்னல் போட்டப்பதான் எல்லாரும் தட்டினாங்க.

மனைவி: ஏங்க, இதை எங்கிட்ட சொல்லவே இல்லையே?

உறுப்பினர்: உறுப்பினரோட பொண்டாட்டின்னு நீ பெருமையா இருக்கிற நேரத்துல, புருஷன் அங்கயும் போய் ஜன்னல்தான் மாட்டுறான்னு எப்படிச் சொல்றது?

மனைவி: நான் எப்பங்க பெருமையா...

உறுப்பினர்: போன்! எடு, எடு.

மச்சினன்: அக்கா, மாமாகிட்ட பக்குவமா சொல்லு. மார்க்கெட் பெட்டி நம்மளைக் கவுத்துருச்சு.

மனைவி: அப்படியா! எவ்வளவு?

மச்சினன்: கூரை போட்டுக் குடுத்தும் பாருக்கா! காய்க்காரங்க எல்லாம் குடைக்குக் குத்தியிருக்காங்க. கேட்டா, ‘கூரை வந்ததும் வெளிச்சம் போச்சு’ங்கிறாங்க. இருந்த ரெண்டாயிரமும் கரைஞ்சு இப்ப முன்னூத்துச் சொச்சம் பின்னாடி நிக்கிறோம்.

உறுப்பினர்: அடடா... அடடடா!

மச்சினன்: மாமா, மனசை விட்டுடாதீங்க!

உறுப்பினர்: விடல மாப்ள, விடல. ஜனங்க நினைக்கிறதும் ஒரு விதத்துல சரிதானே. காய் வாங்கப் போனா வெளிச்சம் வேணும்ல?

மச்சினன்: உங்க பெரிய மனசு யாருக்கு வரும் மாமா! வைக்கிறேன்.

மனைவி: என்ன பாட்டு அது?

உறுப்பினர்: எது?

மனைவி: இப்ப முணுமுணுத்தீங்களே.

உறுப்பினர்: நானா? சோகப் பாட்டு.

மனைவி: தாளம் ரொம்ப வேகமா இருந்துச்சே.

உறுப்பினர்: சோகம் அதிகமானா வேகம் வந்துரும். நீ என்ன பண்ற, அடுப்பு பத்த வைக்கிற?

மனைவி: ஒரு வாய் டீ போடலாம்னு. காலையிலேருந்து தொண்டையில ஒண்ணும் இறங்கல. இப்பதான் பசிக்குது.

உறுப்பினர்: எனக்கும்தான். ...ஆமா, என்னமோ சொல்ல வந்தியே. பெருமைன்னு.

மனைவி: ஒண்ணுமில்ல விடுங்க. நான் பெருமைப்பட்டதை எங்க பார்த்தீங்கன்னுதான் கேட்டேன்.

உறுப்பினர்: ரெண்டாந்தடவை நிக்கச் சொல்லிக் கட்சிக்காரங்க வீட்டுக்கு வந்தாங்களே. நான் வாயே திறக்கல. நீதானே உள்ளேயிருந்து வந்து, ‘நிக்கட்டும், நல்லா செய்வார்’னு சொன்ன?

மனைவி: ஆமா, சொன்னேன். ஏன் சொன்னேன்? அதுக்கு முந்தின நாள் சபைக்குப் போட்டுட்டுப் போற கோட்டு சூட்டை மாட்டிக்கிட்டு, இதோ இந்தப் பெரிய கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. சரி, மனுஷனுக்கு ஆசை விடலன்னு நினைச்சேன்.

உறுப்பினர்: அடிப்பாவி! அந்தக் கோட்டுல என்னைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துச்சு. அதுக்குச் சிரிச்சேன்!

மனைவி: ...அப்ப ஆசையில்லையா?

உறுப்பினர்: ஆசை... இருக்கு. இருக்கத்தான் செய்யுது. மக்கள் சேவைன்னா யாருக்குத்தான் ஆசை இருக்காது? உனக்கு?

மனைவி: எனக்கும்தான். மாடிப்படி ரெண்டுன்னா யாருக்குத்தான் பிடிக்காது?

உறுப்பினர்: திரும்ப அடிக்குது. நீ எடு. என் கை ஈரம்.

மச்சினன்: மாமா! ஆத்தோரத் தெரு உங்களைத் தெய்வமா நினைக்குது மாமா! மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வராம பண்ணீங்கல்ல? அள்ளிக் குத்தியிருக்காங்க!

மனைவி: ஐயய்யோ!

மச்சினன்: என்னக்கா ஐயய்யோ?

மனைவி: டீ பொங்கிருச்சுடா.

உறுப்பினர்: காலேஜ் ரோடு? காலேஜ் ரோடு என்னாச்சு? படிச்சவங்க, யோசிச்சு மாத்திப் போட்டிருப்பாங்களே?

மச்சினன்: அவங்க வழக்கம்போல வெயிலைப் பார்த்துட்டு வீட்டுக்குள்ளயே உக்காந்துட்டாங்க மாமா. போட்ட கொஞ்சமும் குடைக்கும் ஏணிக்கும் சரிபாதி. பஸ் டெப்போ மட்டும்தான் நம்மளை இறக்கிருச்சு. மொத்தமா கூட்டிக் கழிச்சா, இப்ப எம்பது ஓட்டு முன்னாடி இருக்கோம். பாக்கி ஒரே ஒரு பெட்டி. எது தெரியுமா?

உறுப்பினர்: எது?

மச்சினன்: நம்ம தெருப் பெட்டி மாமா! கண்ணாடிக்கடை இருக்கிற தெரு! சொந்தத் தெரு! இனி எண்ணவே வேண்டாம், எழுதி வச்சுக்குங்க. மந்திரியோட மச்சினன்னு இப்பவே நாலு பேர் கை குடுத்துட்டாங்க. நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டு ரெடியா இருங்க மாமா. வைக்கிறேன்!

உறுப்பினர்: ...எம்பது.

மனைவி: சொந்தத் தெரு.

உறுப்பினர்: தையல்காரர் எனக்குத்தானே போட்டிருப்பார்?

மனைவி: கண்ணாடி வேற கேட்டிருக்கார். போட்டிருப்பார். எதிர்வீட்டு டிரைவர் குடும்பமும் ஏணிதான். அஞ்சு ஓட்டு.

உறுப்பினர்: நல்ல மனுஷங்க. எதுக்கு இவ்வளவு நல்லவங்களா இருக்காங்களோ...

மனைவி: என்ன சொன்னீங்க?

உறுப்பினர்: நல்ல மனுஷங்கன்னு சொன்னேன்.

மனைவி: நாம காலி பண்ணும்போது இந்த வெட்டுற மேசையை எடுத்துடச் சொன்னார் செருப்புக்கடைக்காரர். அவருக்கு இடம் பத்தாதாம்.

உறுப்பினர்: எடுத்துட்டு?

மனைவி: விறகுக்குத்தான் ஆகும்னார்.

உறுப்பினர்: என்னது, விறகா! உன்னைப் பொண்ணு பார்க்க வர்றதுக்கு முன்னாடி வாங்கின மேசை அது!

மனைவி: கத்தாதீங்க. மந்திரிக்கு எதுக்கு வெட்டுற மேசை?

உறுப்பினர்: ...அதுவும் சரிதான்.

மனைவி: நான் ஒண்ணு கேக்கட்டுமா? அந்த மருந்துக்கடை அம்மா எப்படி?

உறுப்பினர்: ஏன் கேக்குற?

மனைவி: சும்மாதான். ஒருவேளை... பேச்சுக்கு... அவங்க ஜெயிச்சா ஊருக்குக் கெடுதலா?

உறுப்பினர்: கெடுதலா! மார்க்கெட் முக்குல அவங்க கூட்டம் நடந்தப்ப, ஓரமா நின்னு கேட்டேன். குழாய் எங்க உடைஞ்சிருக்கு, எந்தத் தெருவுல விளக்கு இல்ல, எல்லாம் விரல் நுனியில வச்சிருக்காங்க. ஆஸ்பத்திரிக்கு ராத்திரி டாக்டர் வேணும்னு நான் அஞ்சு வருஷமா கேட்டு வாங்க முடியல. அந்தம்மா பேசின வேகத்தைப் பார்த்தா, டாக்டரைத் தோள்ல தூக்கிட்டே வந்துருவாங்க. கடைசியில நானே கை தட்டிட்டேன்.

மனைவி: எதிர்க்கட்சி கூட்டத்துலயா!

உறுப்பினர்: பக்கத்துல நின்னவன் திரும்பிப் பார்த்தான். கொசு அடிச்சேன்னு சொல்லிட்டேன்.

மனைவி: அப்ப அவங்க வந்தா தப்பில்ல.

உறுப்பினர்: தப்பே இல்ல. ...அதாவது, பேச்சுக்கு.

மனைவி: பேச்சுக்குத்தான்.

உறுப்பினர்: ஏம்மா...

மனைவி: சொல்லுங்க.

உறுப்பினர்: உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு...

மனைவி: எனக்கும் ஒண்ணு... இல்ல, நீங்க சொல்லுங்க முதல்ல.

உறுப்பினர்: இல்ல, நீ சொல்லு.

மனைவி: அது வந்து... போன்.

உறுப்பினர்: விடு, அடிக்கட்டும்.

மனைவி: எடுத்துத்தானே ஆகணும். கண்ணை மூடிக்குங்க. நானும் மூடிக்கிறேன். ...ஹலோ? டேய்? பேசுடா.

மச்சினன்: ...அக்கா.

உறுப்பினர்: மாப்ள, என்னாச்சு? அழுறியா?

மச்சினன்: போச்சு மாமா. எல்லாம் போச்சு.

உறுப்பினர்: தெளிவா சொல்லு! எது போச்சு?

மச்சினன்: சொந்தத் தெருவே கழுத்தை அறுத்துருச்சு மாமா. நம்ம தெருப் பெட்டியில குடை விரிஞ்சிருச்சு. மருந்துக்கடை அம்மா ஜெயிச்சுட்டாங்க. நீங்க... நீங்க இனிமே உறுப்பினர் இல்ல மாமா.

கண்ணாடிக்காரர்: ஓ.

மனைவி: ஓ.

மச்சினன்: எத்தனை ஓட்டுன்னு கேக்க மாட்டீங்களா? மூணு மாமா! மூணே மூணு ஓட்டு! ரெண்டு தடவை எண்ணிட்டாங்க. ரெண்டு தடவையும் மூணுதான். மூணாவது தடவை எண்ணச் சொல்லிக் கேக்கலாம். நீங்க வந்து கையெழுத்துப் போட்டா போதும். வண்டி அனுப்பட்டா?

கண்ணாடிக்காரர்: வேண்டாம்!

மனைவி: வேண்டாம்டா!

மச்சினன்: ஏன்க்கா நீ வேண்டாங்கிற?

மனைவி: அது... உங்க மாமா வேண்டாங்கிறாரே.

கண்ணாடிக்காரர்: மக்கள் தீர்ப்பு மகேசன் தீர்ப்பு மாப்ள. ரெண்டு தடவை எண்ணினவங்களை மறுபடி எண்ணச் சொன்னா, அவங்களுக்குக் கணக்குத் தெரியாதுன்னு சொன்ன மாதிரி ஆயிடும். பாவம், காலையிலேருந்து உக்காந்திருக்காங்க.

மச்சினன்: மாமா, மூணு ஓட்டுன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. குடைக்குக் குத்தினதுல ரெண்டு பேர், ரெண்டே ரெண்டு பேர், கையைக் கொஞ்சம் நகர்த்தி ஏணியில குத்தியிருந்தா, ஒரு ஓட்டுல நாம ஜெயிச்சிருப்போம்!

மனைவி: ஒருத்தர் மட்டும் மாத்திக் குத்தியிருந்தா?

மச்சினன்: அப்பவும் தோல்விதான், ஒரு ஓட்டுல. ரெண்டு பேர் வேணும்க்கா.

மனைவி: அப்ப ஒருத்தரால மட்டும் வந்ததில்ல... அப்படித்தானே?

மச்சினன்: ஒருத்தரோ ரெண்டு பேரோ, அந்தத் துரோகிங்க யாருன்னு தெரிஞ்சா நான் சும்மா விட மாட்டேன்! நம்ம தெருவுலதான் இருக்கணும். வீடு வீடா போய்க் கேக்கப் போறேன்.

கண்ணாடிக்காரர்: டேய் டேய், அதெல்லாம் கேக்கக் கூடாது. ஓட்டு அவங்கவங்க ரகசியம். அழாத. இங்க பாரு, நம்ம தொகுதியில எப்பவும் புது ஆளுக்குத்தான் மவுசு. அடுத்த தடவை நீ நில்லு.

மச்சினன்: ...நானா?

கண்ணாடிக்காரர்: நீதான். தொண்டை இருக்கு, ஓட்டம் இருக்கு. அந்தம்மாவையும் ரெண்டாந்தடவை அனுப்ப மாட்டாங்க. உனக்கென்ன குறை?

மச்சினன்: நிஜமாவா சொல்றீங்க மாமா? அக்கா, நீ என்ன சொல்ற?

மனைவி: உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. தாராளமா நில்லு.

மச்சினன்: ...சரி மாமா. மனசு கொஞ்சம் தேவலை. பசங்களைப் போய்ப் பார்க்கிறேன். நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஆறுதலா இருங்க.

கண்ணாடிக்காரர்: பார்த்துக்கிறோம் மாப்ள. அப்படியே அந்தம்மாவைப் பார்த்தா, நான் வாழ்த்து சொன்னேன்னு சொல்லு. நாளைக்கு நேர்ல வர்றேன்.

மனைவி: வச்சுட்டான்.

கண்ணாடிக்காரர்: ம்.

மனைவி: ரொம்ப வருத்தமா இருக்கா?

கண்ணாடிக்காரர்: தாங்க முடியல. இன்னொரு டம்ளர் டீ இருக்கா?

மனைவி: தோத்த மனுஷன் மாதிரியா பேசுறீங்க?

கண்ணாடிக்காரர்: நீ போட்ட டீ அப்படி. தலைநகர்ல அஞ்சு வருஷம் குடிச்சேனே, அது டீயே இல்ல. வெந்நீருக்கு வெயில் பட்ட மாதிரி ஒரு நிறம், அவ்வளவுதான்.

மனைவி: இந்தாங்க. ...ஏங்க.

கண்ணாடிக்காரர்: சொல்லு.

மனைவி: நான் ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது.

கண்ணாடிக்காரர்: பதவியே போச்சு. இனிமே கோவிச்சு யாரை என்ன பண்ணப் போறேன்?

மனைவி: விளையாடாதீங்க. ...இந்தப் பெரிய கண்ணாடி இருக்கே, இதை ஒரு ஆளாத் தூக்க முடியுமா?

கண்ணாடிக்காரர்: முடியாது. ரெண்டு பக்கமும் ஆள் வேணும்.

மனைவி: அஞ்சு வருஷமா, ஒவ்வொரு தடவையும் கடை வாசல்ல போய் நிப்பேன். தெருவுல போறவங்களைக் கூப்பிட்டு, ‘கொஞ்சம் அந்தப் பக்கம் பிடிங்க’ன்னு கேப்பேன். டிரைவர் வருவார். தையல்காரர் வருவார். ஒரு நாள் தபால்காரர் பையைக் கழட்டி வச்சுட்டு வந்து பிடிச்சார். எல்லாரும் நல்லவங்கதான். ஆனா ஒவ்வொரு தடவையும், அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தா உங்க முகம் இல்ல. வேற யாரோ முகம். வீட்டுக்குள்ள போய் அழுதிருக்கேங்க.

கண்ணாடிக்காரர்: ...ஏம்மா, இதை...

மனைவி: பேசாதீங்க. பேசினா என்னால சொல்ல முடியாது. உங்களுக்கு ஆசைன்னு நினைச்சுத்தான் ‘நிக்கட்டும்’னு சொன்னேன். எப்படியும் இந்தத் தொகுதி ரெண்டாந்தடவை தராது, கவுரவமா வீடு வந்து சேருவீங்கன்னு தைரியமா இருந்தேன். கடைசி நேரத்துல எல்லாரும் நீங்க ஜெயிப்பீங்கன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. ஓட்டுப் போடப் போனப்ப, அந்தத் தட்டிக்குப் பின்னாடி சீட்டை விரிச்சேன். ஏணி இருந்துச்சு. குடை இருந்துச்சு. எனக்கு மந்திரி வேண்டாம், என் புருஷன்தான் வேணும்னு மனசு கத்துச்சு. குடையில குத்திட்டேன்.

கண்ணாடிக்காரர்: குடையிலயா?

மனைவி: நல்லா அழுத்தி. தம்பி துரோகின்னானே, அந்த ரெண்டு பேர்ல ஒருத்தி நான்தான். திட்டணும்னா திட்டிக்குங்க. ஆனா என் ஒரு ஓட்டால மட்டும் நீங்க தோக்கல, இன்னொருத்தரும் வேணும்னு அவனே சொன்னான். அந்த இன்னொரு பாவி யாரோ, எந்த வீட்டுல இருக்கானோ, எனக்குத் தெரியாது. ஆனா எங்க இருந்தாலும் அவன் நல்லா இருக்கணும்!

கண்ணாடிக்காரர்: நல்லாத்தான் இருக்கான். உன் எதிர்ல உக்காந்து ரெண்டாவது டம்ளர் டீ குடிக்கிறான்.